சுண்டுவின் தாழ்ப்பாள்

சுண்டு சரியாக விளையாடவில்லை என்று வாரியத்து அம்மாள் சொன்னபோது, அவன் அப்பாவான பேருந்து ஓட்டுநர் முதல் வேலையாகத் தன் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அதிகாரிகள் முன்னால் அவருக்கு வேறு எதுவும் செய்யத் தோன்றுவதில்லை.

அந்த அம்மாள் பேசியது திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து. குழந்தை விளையாடும்போது பார்வையாளர் அதன் கண்ணில் படக் கூடாது என்பது மழலையர் சுதந்திர விளையாட்டு வாரியத்தின் விதி. காலையில் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஜன்னல் திரைக்குள் புகுந்து நின்றுகொண்டார். திரை சின்னது. முழங்காலுக்குக் கீழே அவர் முழுவதுமாகத் தெரிந்தார். சுண்டு தத்தித் தத்திப் போய் அந்தக் கால் கட்டைவிரலை அழுத்திப் பார்த்தான். விரல் அசையவில்லை. அலுத்துப்போய்த் தன் வேலைக்குத் திரும்பிவிட்டான்.

அவன் வேலை குளியலறைத் தாழ்ப்பாள். வீட்டுக்காரர் எங்கோ மிச்சப்பட்ட கதவு ஒன்றைக் கொண்டுவந்து தலைகீழாக மாட்டியிருந்ததால், தாழ்ப்பாள் ஒன்றரை வயதுக் குழந்தையின் நெஞ்சு உயரத்தில் இருந்தது. சுண்டு அதைத் தள்ளுவான். ட்டக். இழுப்பான். ட்டக். ஒவ்வொரு தடவையும் "தொற" என்பான். மூடினாலும் தொற, திறந்தாலும் தொற. அவனிடம் இருந்த சொல் அது ஒன்றுதான். அதை வைத்தே அவன் பசி, தூக்கம், கோபம் எல்லாவற்றையும் சமாளித்துவந்தான்.

"குழந்தையோட விளையாட்டுல சுதந்திரம் இல்ல அப்பா" என்றது திரை.

வாரியத்தில் எல்லோரும் பெற்றோரை அப்பா, அம்மா என்றுதான் அழைப்பார்கள். அந்த அம்மாளுக்கு ஓட்டுநரின் தாயார் வயது இருக்கும். அவ்வளவு மூத்தவர் அப்பா என்று கூப்பிட்டதும், எங்கோ ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி ஓட்டுநருக்கு வியர்த்தது.

"அவனுக்கு அது பிடிச்சிருக்கு மேடம்" என்றாள் அவர் மனைவி. அவள் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். எந்த டாக்டரின் கிறுக்கலையும் படித்துவிடுவாள். வாரியம் அழகாக அச்சடித்து அனுப்பிய அறிவிப்புதான் அவளுக்குப் புரியவில்லை.

"பிடிச்சதைச் செய்யறதுக்குப் பேரு சுதந்திரம் இல்ல அம்மா. அது ஒட்டுதல். எல்லாத்தையும் எடுத்துப் பார்க்கறதுதான் தேடல். மணல், தண்ணி, கட்டை, துணி, சத்தம். இந்த வரிசையில."

"வரிசையா போகணுமா மேடம்?"

"தானா போகணும். இந்த வரிசையில தானா போகணும். நீங்க சொல்லித் தரக் கூடாது."

"சொல்லித் தராம அவனுக்கு எப்படி மேடம்…"

"அதை நான் சொல்லக் கூடாது. சொன்னா அது என்னோட குறுக்கீடு." திரைக்குள் பேனா கீறுகிற சத்தம் கேட்டது. "அப்பா, நீங்க குழந்தைகூட என்ன விளையாடுவீங்க?"

"வேலை முடிஞ்சு வந்ததும் பஸ் ஹாரன் மாதிரி வாயால சத்தம் போடுவேன் மேடம். விழுந்து விழுந்து சிரிப்பான்."

பேனா நின்றது.

"முதல்ல யார் ஆரம்பிப்பீங்க?"

"நான்தான்."

"இனிமே வேண்டாம்" என்றார் அந்த அம்மாள், மருத்துவர் உப்பை நிறுத்தச் சொல்கிற குரலில். "பெரிய பார்வைக்குக் கூப்பிடுவாங்க. இயக்குநரே வந்து உட்காருவார். அங்கேயும் குழந்தை இப்படியே நின்னா, இல்லத்துல சேர்க்க வேண்டியிருக்கும். சுதந்திரம் வந்ததும் திருப்பி அனுப்பிடுவோம்."

அன்று மாலை ஓட்டுநர் வேலை முடிந்து வந்தபோது, சுண்டு வாசலில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஹாரனுக்காகக் காத்திருந்தான். அவர் குனிந்து செருப்பின் வாரை நெடுநேரம் கழற்றினார்.

இல்லம் என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியும். எதிர்வீட்டு அக்காவின் மகள் அங்கே போய் வந்திருக்கிறாள். பாப்பா என்று கூப்பிடுவார்கள். போவதற்கு முன்னால் அவள் சோப்புப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவையே அதட்டிக்கொண்டிருந்தவள். திரும்பி வந்த பாப்பா சத்தம் போடுவதில்லை. தரையில் உட்கார்ந்து மணலைத் தொடுவாள். பிறகு தண்ணீரைத் தொடுவாள். பிறகு கட்டை. ஒவ்வொன்றையும் தொட்டுவிட்டு நிமிர்ந்து, பக்கத்தில் இருக்கிற பெரியவர் முகத்தைப் பார்ப்பாள். பெரியவர் தலையாட்டினால்தான் அடுத்ததற்குப் போவாள். ஒருநாள் அக்கா சமையலறையில் மறதியாக நின்றுவிட, பாப்பா ஈர மணலில் கையை வைத்தபடியே சாப்பாட்டு நேரம் தாண்டியும் உட்கார்ந்திருந்தாள்.

"நல்லாத்தான் விளையாடறா, குறை சொல்லக் கூடாது" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். "ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடியும் என் மூஞ்சியைப் பார்க்கறா. நான் தலையாட்டினா கண்ணை மூடிக்கிறா. உங்களைப் பெரிய பார்வைக்கு இன்னும் கூப்பிடலைன்னா, அந்தத் தாழ்ப்பாளைக் கழட்டிடு தம்பி. கையெடுத்துக் கும்பிடறேன்."

ஓட்டுநர் அன்றே தாழ்ப்பாளைக் கழற்றினார்.

அதற்கப்புறம் குளிக்கிறவர் உள்ளே இருப்பதைத் தெரிவிக்கப் பாடிக்கொண்டே குளிக்க வேண்டும் என்று மனைவி ஏற்பாடு செய்தாள். ஓட்டுநருக்குப் பாட்டு வராது. அவர் தன் வண்டி நிற்கும் இடங்களைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு குளித்தார். "பெரியாஸ்பத்திரி, மார்க்கெட், பழைய பாலம், டிப்போ." டிப்போ வந்தால் துவட்டிக்கொள்கிறார் என்று அர்த்தம்.

சுண்டு கதவில் மிஞ்சியிருந்த திருகாணித் துளைகளில் விரலை விட்டுப் பார்த்தான். "தொற" என்றான். துளை ஒன்றும் செய்யவில்லை. அவனைச் சுற்றிலும் கூடத்தில் மணலும் தண்ணீர்த் தொட்டியும் கட்டைகளும் வரிசையாக, யாரும் வைக்காத மாதிரி வைக்கப்பட்டிருந்தன. அம்மா அடுப்படியிலிருந்து ஓரக்கண்ணால் பார்த்தாள். அப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து பார்த்தார். சுண்டு மணலைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தான்.

"அழுகை எந்த வரிசையிலங்க வரும்?" என்று மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"சத்தத்துல சேர்த்துக்குவாங்க" என்றார் அவர். அவருக்கும் நிச்சயமில்லை.

பெரிய பார்வைக்குக் கூப்பிட்டார்கள்.

வாரியத்தின் கட்டடம் ரொம்பப் பெரியது. ஆனால் உள்ளே எல்லாம் சின்னது. குழந்தைக்கு எட்டாத எதுவும் கட்டடத்தில் இருக்கக் கூடாது என்று விதி. நாற்காலிகள் முழங்காலுக்குக் கீழே நின்றன. மின்விசிறிச் சுவிட்சைப் போட ஊழியர்கள் குந்தி உட்கார்ந்தார்கள். கதவுகளின் கைப்பிடியும் தாழ்ப்பாளும் தரையிலிருந்து இரண்டு மூன்று சாண் உயரத்தில் இருந்தன. எல்லா அதிகாரிகளுக்கும் இடுப்பு வலி. அதைக் குழந்தைகளுக்காகச் செய்த தியாகமாகச் சுவரில் எழுதிப் போட்டிருந்தார்கள்.

நடைவழியில் ஒரு பியூன், பொம்மை நாற்காலி மாதிரி ஒன்றில் முழங்கால்கள் காதைத் தொட உட்கார்ந்திருந்தார்.

"இந்த ஹாலுக்குத் தாழ்ப்பாள் ஏன் வெளியில இருக்கு?" என்று ஓட்டுநர் அவரிடம் கேட்டார். கேட்டவுடனே ஏன் கேட்டோம் என்று பயந்தார்.

"உள்ள பொம்மையெல்லாம் புதுசு. பிள்ளைங்க வந்து தொட்டுடக் கூடாதுல்ல. அதான் வெளியில பூட்டு."

"பிள்ளைங்களுக்கு எட்டற உயரத்துல இருக்கே."

"எட்டாத உயரத்துல வெச்சா விதி மீறல்" என்றார் பியூன், கொட்டாவியை மறைத்துக்கொண்டு.

இயக்குநர் வந்தார். உயரமான மனிதர். குட்டை நாற்காலியில் மடங்கி மடங்கி அமர்ந்ததும் முகம் மட்டும்தான் முழங்கால்களுக்கு மேலே மிஞ்சியது. பக்கத்தில் இரண்டு நிபுணர்கள், திரைச்சீலை அம்மாள். மேசையில் இல்லத்தில் சேர்க்கும் உத்தரவு தயாராக இருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி. மருந்துக்கடைக்காரி அதைத் தலைகீழாகவே படித்துவிட்டாள். கணவரின் சட்டை முதுகைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க" என்றார் இயக்குநர். "பயம் குழந்தைக்கு ஆகாது. பயந்த பெற்றோர் மேல நாங்க தனியா நடவடிக்கை எடுக்கறோம். பாருங்க, முன்னாடியெல்லாம் குழந்தைங்க அதது பாட்டுக்கு விளையாடிட்டு இருந்துச்சு. யாருக்காவது தெரியுமா, எந்தக் குழந்தை எவ்வளவு சுதந்திரமா இருக்குன்னு? தெரியாது. பொறுப்பில்லாம விட்டுட்டாங்க. இன்னைக்கு நாட்டுல ஒரு குழந்தைகூட எங்களுக்குத் தெரியாம சுதந்திரமா இருக்க முடியாது."

நிபுணர்கள் தலையாட்டினார்கள்.

"எனக்கு ராத்திரி பகலா குழந்தைங்க நினைப்புதான். வீட்டுக்குப் போகவே நேரமில்ல. எனக்கும் ஒரு பையன் இருந்தான். போன வாரம் ஒரு நாள் போனேன், மீசை வெச்ச ஒருத்தர் கதவைத் திறந்தாரு. அவன்தானாம்." அவர் மேசைமேல் இருந்த உத்தரவை நேராக்கி வைத்தார். "எங்களோட முதல் விதி என்ன தெரியுமா? விளையாட்டு எப்ப முடியணும்னு குழந்தைதான் முடிவு பண்ணும். நடுவுல பேசக் கூடாது, கூப்பிடக் கூடாது, தொடக் கூடாது, எழுந்து போகக் கூடாது. ஒருநாள் ஒரு பொண்ணு வந்து என் தலையில வாளியைக் கவுத்துட்டுப் போயிடுச்சு. ஆபீஸ் மூடற வரைக்கும் நான் எடுக்கல. உள்ளேருந்தே மூணு பேருக்கு உத்தரவு போட்டேன். வாரியம் எனக்குப் பதக்கம் கொடுத்துச்சு."

"வாளியோடவே வாங்கினாரு" என்றார் ஒரு நிபுணர் மரியாதையாக.

பெற்றோர் முகம் குழந்தையைப் பாதிக்கும் என்பதால் இருவரும் நடைவழிக்கு அனுப்பப்பட்டார்கள். மூடிய கதவு தேடலை அடக்கும் என்பதால் கதவு திறந்திருந்தது. சுண்டு ஹாலின் நடுவே விடப்பட்டான். அதிகாரிகள் சுவரோரமாக உட்கார்ந்து, பார்வைக்கென்று பயிற்சி பெற்ற புன்னகையைப் போட்டுக்கொண்டு அசையாமல் ஆனார்கள்.

ஓட்டுநருக்கு உள்ளே பார்க்கத் துணிவில்லை. எதிர்ச் சுவரில் ஒரு கறையைப் பார்த்துக்கொண்டு, "மணலு, மணலு, மணலு" என்று முணுமுணுத்தார். அவர் வாழ்க்கையில் இவ்வளவு உருக்கமாக எதையும் வேண்டிக்கொண்டதில்லை.

சுண்டு மணலைத் தாண்டினான். தண்ணீரைத் தாண்டினான். கட்டைகளில் ஒன்று காலில் இடறியது, தள்ளிவிட்டான். நேராகக் கதவுக்கு வந்து, வாசலைக் கடந்து நடைவழிக்கு வந்து, திரும்பி நின்றான். அவன் நெஞ்சு உயரத்தில் பித்தளைத் தாழ்ப்பாள் பளபளத்தது.

இத்தனை நாளும் காணாமல் போயிருந்த ஒன்று இவ்வளவு பெரிதாக வளர்ந்து நிற்பதைப் பார்த்ததுபோல அவன் முகம் மலர்ந்தது.

இரண்டு கையாலும் கதவைச் சாத்தினான். தாழ்ப்பாளைத் தள்ளினான்.

ட்டக்.

"தொற" என்றான்.

இழுத்தான். கதவைத் தள்ளித் திறந்தான். நான்கு புன்னகைகளும் இருந்த இடத்தில் இருந்தன. சுண்டு கிக்கிக்கென்று சிரித்தான். அந்தச் சிரிப்பை அப்பாவும் அம்மாவும் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. மறுபடி சாத்தினான். ட்டக். திறந்தான். புன்னகைகள். சாத்தினான். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் இயக்குநரின் புன்னகை கொஞ்சம் இறுகியிருந்தது. கண்கள் மட்டும் நகர்ந்து நடைவழியின் வெளிச்சத்தைத் தொட்டுத் திரும்பின.

அப்புறம் ஒரு ட்டக்கோடு அவன் நிறுத்திக்கொண்டான். கண்ணைக் கசக்கினான். அம்மாவிடம் வந்து, அவள் தூக்கியதும் தோளில் தலையைச் சாய்த்தான். வாய் லேசாகத் திறந்துகொண்டது. தூங்கிவிட்டான்.

கதவு வெளியே தாழிட்டிருந்தது.

ஓட்டுநர் பதறிக் கையை நீட்டினார்.

"தொட்டுடாதீங்க" என்றார் பியூன். "பிள்ளை போட்ட தாழ்ப்பாள். நீங்க எடுத்தா குறுக்கீடு. குறுக்கீடுன்னா பிள்ளை இன்னைக்கே இல்லத்துல."

கை காற்றில் நின்றது. "அப்ப நீங்களாவது திறங்க அண்ணே."

"எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கு" என்றார் பியூன், நாற்காலியை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு.

உள்ளேயிருந்து யாரும் கதவைத் தட்டவில்லை. தட்டுவது குறுக்கீடு. வெகுநேரத்துக்குப் பிறகு சாவித் துளை வழியாக இயக்குநரின் குரல், காற்று மாதிரி, வந்தது.

"அப்பா."

"சார்."

"குழந்தை என்ன பண்றான்?"

"தூங்கறான் சார்."

"விளையாட்டு முடிஞ்சுதா?"

ஓட்டுநர் மனைவியைப் பார்த்தார். முடிந்தது என்று சொன்னால் கதவு திறக்கும். கதவு திறந்தால் மேசைமேல் உத்தரவு இருக்கிறது. முடியவில்லை என்று சொன்னால் ஓர் இயக்குநரை அடைத்து வைத்த குற்றம்.

"தெரியல சார்" என்றார். அது உண்மை. "அவனைத்தான் கேக்கணும்."

உள்ளே கிசுகிசுத்தார்கள். தூக்கம் விளையாட்டின் முடிவு என்றார் ஒரு நிபுணர். தூக்கம் விளையாட்டின் ஓய்வுக் கட்டம் என்றார் மற்றவர், அதைப் பற்றிப் புத்தகமே எழுதியிருப்பதாகவும் சொன்னார். புத்தகம் வென்றது.

"அப்ப முடியல" என்றார் இயக்குநர். குரலில் ஒரு தடுமாற்றம் இருந்தது. உடனே சரிசெய்துகொண்டார். "விளையாட்டு முடியாம உத்தரவுல கையெழுத்துப் போட முடியாது. குழந்தையை எழுப்பாதீங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. முடிஞ்சதும் சொல்லுங்க. நாங்க காத்திருக்கோம்."

அவர்கள் ஓசையில்லாமல் நடந்தார்கள். தெருவுக்கு வந்ததும் ஓட ஆரம்பித்தார்கள்.

வீட்டுத் தாழ்ப்பாளை அன்றே பழைய இடத்தில் மாட்டியாயிற்று. மறுநாள் காலை கதவைத் தட்டியது பியூன். அவர் வாசலுக்கு முதுகைக் காட்டித் தெருவைப் பார்த்து நின்றார். குழந்தையைப் பார்வையிடும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. தவறிப்போய்ப் பார்த்துவிட்டால் வேலை போய்விடும்.

"சார் கேட்டுட்டு வரச் சொன்னாரு. முடிஞ்சுதா?"

வீட்டுக்குள் ட்டக் என்றது. "தொற" என்றது ஒரு குரல்.

"இன்னும் இல்ல போல" என்று அவரே சொல்லிக்கொண்டு போனார்.

தினமும் வந்தார். ஜன்னல் கம்பி வழியாக உள்ளே ரொட்டியும் டீயும் கொடுப்பதாகச் சொன்னார். ஹாலில் குழந்தைகளுக்கான சின்னக் கழிப்பறை இருப்பதால் சமாளிக்கிறார்களாம். மற்றப் பிரிவுகளுக்கு அந்தக் கதவின்மேல் அதிகாரம் இல்லையாம். கட்டடத்தில் வேலை வழக்கம்போல நடக்கிறதாம், இன்னும் கொஞ்சம் நன்றாகவே நடக்கிறதாம். நேற்று இயக்குநர் மணலில் வீடு கட்டினாராம். இதைச் சொல்லும்போது பியூன் குரலைத் தாழ்த்தினார்.

ஓட்டுநரும் அவர் மனைவியும் ஒவ்வொரு விடியலிலும் படுக்கையில் அசையாமல் கிடந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். ட்டக் கேட்டபிறகுதான் எழுந்தார்கள். ஒரு சின்னப் பித்தளைத் துண்டின்மேல் பிள்ளைக்கு இருக்கும் ஆசை எத்தனை நாள் தாங்கும் என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை. பிள்ளைகளுக்கு எல்லாம் அலுத்துப்போகும். அது அவர்களுக்குத் தெரியும். மருந்துக்கடைக்காரி தாழ்ப்பாளுக்குத் துளி எண்ணெய் விட்டாள். பிறகு சத்தம் குறைந்துவிடுமோ என்று பயந்து துடைத்தாள்.

அந்த நாள் வந்தது. காலையில் சுண்டு எழுந்து தாழ்ப்பாளைத் தாண்டி அடுப்படிக்குப் போனான். ஒரு பாத்திர மூடியை எடுத்தான். அதைச் செங்குத்தாகத் தரையில் நிறுத்தி உருட்டிவிட்டு, அது சுற்றிச் சுற்றிச் சாய்வதை குப்புறப் படுத்துக்கொண்டு பார்த்தான். அவ்வளவு அமைதியாக, அவ்வளவு ஆழமாகப் பார்த்தான். தாழ்ப்பாள் என்று ஒன்று இருந்ததையே மறந்துவிட்டான்.

"சுண்டு, இங்க பாரு, இங்க" என்றாள் அம்மா தாழ்ப்பாளைக் காட்டி. அவள் குரல் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது. அவன் திரும்பவில்லை.

கதவு தட்டப்பட்டது. தட்டியது எதிர்வீட்டு அக்கா. வேலைக்கு நேரமாகிவிட்டதென்று பாப்பாவைக் கொஞ்ச நேரம் விட்டுப்போக வந்திருந்தாள். பாப்பா கூடத்தில் உட்கார்ந்து, மணல் எங்கே என்று தேடினாள். மணல் இல்லை. தாழ்ப்பாள் திரும்ப வந்த அன்றே மணலையும் கட்டையையும் அவர்கள் தூக்கிப்போட்டிருந்தார்கள். வரிசை தொடங்க இடமில்லாமல் அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு பெரியவர் முகத்தைத் தேடினாள்.

மறுபடி கதவு தட்டப்பட்டது. இந்தத் தட்டு அவர்களுக்குத் தெரிந்த தட்டு.

ஓட்டுநர் கதவைத் திறந்தார். பியூனின் முதுகு நின்றது.

"சார் கேட்டுட்டு வரச் சொன்னாரு" என்றது முதுகு. "முடிஞ்சுதா?"

உள்ளே ஒரு சத்தமும் இல்லை. மூடி சாய்ந்து ஓய்ந்திருந்தது. ஓட்டுநரின் கை மேல் பொத்தானுக்குப் போயிற்று. பொத்தான் ஏற்கெனவே போட்டிருந்தது. பியூன் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார். மருந்துக்கடைக்காரி தன் கையாலேயே தாழ்ப்பாளைத் தள்ளிவிட நினைத்து, ஓரடி வைத்து, பாதியில் நின்றாள். பாப்பா எழுந்திருந்தாள்.

பாப்பா தாழ்ப்பாளின் முன்னால் நின்றாள். விரலை நீட்டித் தொட்டாள். தொட்டுவிட்டு, பழக்கப்படி, நிமிர்ந்து மருந்துக்கடைக்காரியின் முகத்தைப் பார்த்தாள்.

மருந்துக்கடைக்காரிக்கு உடனே தலையாட்டிவிட வேண்டும்போல் இருந்தது. பற்களைக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி, கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

பின்னால் நெடுநேரம் ஒன்றுமில்லை.

ட்டக்.

"போயிட்டு வரேன்" என்றார் பியூன்.

ட்டக். ட்டக். அப்புறம், சோப்புப் பெட்டிக்காலத்துப் பழைய அதட்டலில், ஒரு புதிய குரல், "தொற."